பூடிலுக்கு மொட்டை ஓகே... பொமரேனியனுக்கு ஏன் கூடாது? நாய் ஹேர் ஸ்டைலில் இவ்ளோ விஷயம் இருக்கா?

வெயில் ஆரம்பிச்சதும் பெட் குரூமிங் கடைகளில் அதிகமாகக் கேட்கிற வசனம் ரெண்டு. ஒன்று, "வெயில் தாங்கலை, மொத்தமா எடுத்துடுங்க." இன்னொன்று, மொபைலில் ஒரு ரீல்ஸைக் காட்டி, "இதே மாதிரி வேணும்."

ரெண்டுமே முடிவெட்டுற விஷயம்தான். ஆனா மேஜை மேல நிற்கிறது ஷிட்ஸுவா, பொமரேனியனா என்பதைப் பொறுத்து விளைவு மொத்தமா மாறிடும். ஷிட்ஸுவுக்கு ஒட்ட வெட்டினாலும் சில வாரங்களில் முடி எட்டிப் பார்க்கும். பொமரேனியனுக்கு அதே மெஷினை ஓட்டினால், முடி வளர ஒரு வருஷம்கூட ஆகலாம். சில நாய்களுக்குப் பழைய மாதிரி வளராமலே போயிடுறதும் உண்டு.

அப்போ எந்த நாய்க்கு எந்த ஸ்டைல் செட் ஆகும்? பூடிலின் காலில் இருக்கிற அந்தப் பஞ்சு உருண்டை எதுக்கு? ஷ்னாசருக்கு யார் தாடி வெச்சது? பார்க்கலாம்.

முதல்ல முடியைப் பாருங்க

நம்ம தலைமுடி மாதிரி வெட்ட வெட்ட வளர்ந்துகிட்டே இருக்கிற முடி சில நாய்களுக்கு உண்டு. பூடில், ஷிட்ஸு, மால்டீஸ், யார்க்‌ஷயர் டெரியர், பிஷான் ஃப்ரீஸே எல்லாம் இந்த வகை. வீடு முழுக்க முடி கொட்டாது என்பது இவற்றோட பெரிய பிளஸ். ஆனா வெட்டாமல், சீவாமல் விட்டால் முடி சிக்குப் பிடித்து, பாய் மாதிரி தோலோடு ஒட்டிக்கொள்ளும். விதவிதமான ஸ்டைல் எல்லாம் சாத்தியம் ஆகிறது பெரும்பாலும் இந்த நாய்களில்தான்.

பொமரேனியன், ஹஸ்கி, சௌ சௌ, கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவற்றுக்கு முடி இரட்டை அடுக்கு. மேலே நீளமான, கொஞ்சம் முரடான முடி. அதுக்குக் கீழே பஞ்சு மாதிரி மென்முடி. ஒரு நீளம் வந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். பிறகு நீண்ட ஓய்வு, அப்புறம் உதிர்வு, அப்புறம் புது முடி. இந்த ஓய்வுதான் பின்னாடி முக்கியமான பாயிண்ட். நினைவுல வெச்சுக்கோங்க.

ஷ்னாசர், ஃபாக்ஸ் டெரியர், ஏர்டேல் மாதிரி டெரியர் வகைகளுக்குக் கம்பி போல விறைப்பான முடி. டாபர்மேன், பாக்ஸர், நம்ம ஊர் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்றவற்றுக்கு உடம்போடு ஒட்டிய குட்டை முடி. ராஜபாளையத்துக்கு ஹேர்கட் கேட்டு யாராவது வந்தால், ஒரு ரப்பர் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு அனுப்புவதுதான் நேர்மையான சர்வீஸ்.

பூடில்: ஃபேஷன் இல்லை, நீச்சல்!

நாய் அலங்காரம்னு சொன்னதுமே எல்லாருக்கும் ஞாபகம் வருவது பூடில்தான். பாதி உடம்பு மொட்டை, நெஞ்சில் பந்து மாதிரி முடி, கணுக்காலில் வளையல், வால் நுனியில் ஒரு உருண்டை. பணக்கார வீட்டு வேடிக்கை மாதிரி தெரியும் இந்த நாய், அடிப்படையில் ஒரு வேட்டைக்காரரின் வேலைக்கார நாய். சுட்டு விழுந்த வாத்தைத் தண்ணீரில் குதித்து எடுத்து வருவதுதான் அதன் வேலை. பேரே அதைச் சொல்லும். ஜெர்மன் மொழியில் 'பூடெல்ன்' என்றால் தண்ணீரில் தெறித்து விளையாடுவது. பிரெஞ்சில் பூடிலுக்குப் பெயர் 'கனீஷ்'. அது பெண் வாத்தைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது.

பூடிலின் சுருள் முடி நனைந்தால் நல்ல கனம். அதோடு நீந்துவது கஷ்டம். அதனால பின்பக்கத்தையும் கால்களையும் மழித்துவிட்டார்கள். குளிர்ந்த தண்ணீரில் நெஞ்சும் மூட்டுகளும் விறைத்துப் போகக் கூடாதுன்னு அந்த இடங்களில் மட்டும் முடியை விட்டு வைத்தார்கள். இன்றைக்கு நாம பார்க்கும் பஞ்சு உருண்டைகளுக்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம் இதுதான்.

அப்புறம்தான் பிரான்ஸ் உள்ளே வருது. பாரிஸில் சேன் நதிக்கரையிலும் பாலங்களிலும் நாய்க்கு முடி வெட்டிவிடுவதையே தொழிலாகச் செய்தவர்கள் இருந்தார்கள். 18, 19-ம் நூற்றாண்டு ஓவியங்களிலும், பின்னால் வந்த அஞ்சல் அட்டைகளிலும் அவர்களைப் பார்க்கலாம். மடியில் நாயைக் கிடத்தி, கையில் கத்தரியோடு உட்கார்ந்திருப்பார்கள். தேவைக்காக வந்த வெட்டு, அரண்மனைக்கும் சர்க்கஸுக்கும் போனபோது அலங்காரமாக மாறியது.

இன்றைக்கு டாக் ஷோக்களில் இது கறாரான விதி. அமெரிக்கன் கெனல் கிளப் கணக்கில், 12 மாதம் தாண்டிய பூடில் வழக்கமான போட்டிப் பிரிவுகளில் ரெண்டே ரெண்டு வெட்டில்தான் இறங்க முடியும். ஒன்று 'கான்டினென்டல்'. இதில் பின்பக்கம் முழுக்க மழிக்கப்படும். இடுப்பில் ரெண்டு உருண்டை விடலாம், விடாமலும் இருக்கலாம். இன்னொன்று 'இங்கிலீஷ் சேடில்'. இதில் பின்பக்கத்தில் குட்டையான முடி ஒரு போர்வை போல இருக்கும். பின்னங்கால்களில் ரெண்டு இடத்தில் பட்டையாக மழித்திருப்பார்கள். 12 மாதத்துக்குக் கீழே உள்ள குட்டிக்கு 'பப்பி கிளிப்' அனுமதி உண்டு.

இந்த உருண்டைகளை வரைய ஸ்கேல் எதுவும் கிடையாது. எலும்பு எங்கே முடியுது, மூட்டு எங்கே மடங்குதுன்னு விரலால் தடவிப் பார்த்து, அதை அளவாக வைத்துத்தான் மழிக்கிறார்கள். கோடு அரை அங்குலம் தப்பினால் நாயின் கால் குட்டையாகத் தெரியும். நியூயார்க்கின் புகழ்பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் டாக் ஷோவில் 2020-ல் ஸ்டாண்டர்டு பூடிலும், 2024-ல் மினியேச்சர் பூடிலும் பட்டம் வென்றன. ரெண்டும் இப்படி மணிக்கணக்கில் செதுக்கப்பட்ட நாய்கள்தான்.

வீட்டில் வளர்க்கும் பூடிலுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. உடம்பு முழுக்க ஒரே அளவில் குட்டையாக வெட்டி, முகமும் பாதமும் சுத்தமாக இருந்தால் போதும். 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை வெட்ட வேண்டியிருக்கும்.

சிங்கம் மாதிரி ஒரு கட்

முன்பக்கம் பிடரி, பின்பக்கம் மொட்டை, வால் நுனியில் குஞ்சம். இதுக்குப் பேர் 'லயன் கட்'. லோவ்ஷென் என்ற குட்டி நாய்க்கு இதுதான் பாரம்பரிய வெட்டு. அந்த ஜெர்மன் பேருக்கே குட்டிச் சிங்கம்னுதான் அர்த்தம்.

இதே கட் போர்ச்சுகீஸ் வாட்டர் டாக்குக்கும் உண்டு. ஒபாமா அதிபராக இருந்தபோது 2009-ல் வெள்ளை மாளிகைக்கு வந்த 'போ' இந்த இனம்தான். போர்ச்சுகல் மீனவர்களின் படகில் வேலை பார்த்த நாய் இது. மீன்களை வலைப்பக்கம் விரட்டும், தண்ணீரில் விழுந்த பொருளை எடுத்து வரும், ஒரு படகில் இருந்து இன்னொரு படகுக்குத் தகவல் கொண்டு போகும். கதை பூடில் கதையேதான். நீந்த வசதியாகப் பின்பக்கம் மொட்டை, குளிருக்கு நெஞ்சில் முடி. லயன் கட் பிடிக்காதவர்களுக்கு உடம்பு முழுக்க சுமார் ஒரு அங்குலம் விடும் 'ரெட்ரீவர் கட்' இருக்கு.

தாடி வெச்ச ஷ்னாசர்... இங்கே கத்தரிக்கு வேலை இல்லை

ஷ்னாசர் என்ற பேரே ஜெர்மனில் மூஞ்சியைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. அடர்ந்த புருவம், நீண்ட தாடி, கால்களில் பாவாடை மாதிரி முடி, முதுகு மட்டும் குட்டை. பண்ணைகளில் எலி பிடித்த நாய் இது. எலி திருப்பிக் கடித்தால் வாயில் முடிதான் சிக்கும், நாயின் தோல் தப்பிக்கும் என்பது தாடிக்குச் சொல்லப்படும் பழைய விளக்கம்.

ஆனா இந்த வகையில் பலருக்குத் தெரியாத விஷயம் வேற. கம்பி முடி நாய்களை டாக் ஷோவுக்குத் தயார் பண்ணுகிறவர்கள் முதுகு முடியை வெட்ட மாட்டார்கள். பிடுங்குவார்கள்! பயப்பட வேண்டாம். முதிர்ந்து உதிரத் தயாராக இருக்கும் முடியை விரலாலோ, ஒரு சின்னக் கத்தி போன்ற கருவியாலோ பிடித்து, அது வளர்ந்திருக்கும் திசையிலேயே இழுப்பார்கள். சரியான நேரத்தில் செய்தால் சுலபமாக வந்துவிடும். 'ஹேண்ட் ஸ்ட்ரிப்பிங்' என்று பேர்.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? முதிர்ந்த முடி போனால்தான் அந்த இடத்தில் புதுசா, விறைப்பா, நிறம் குறையாத முடி முளைக்கும். மெஷினால் வெட்டினால் முடியின் விறைப்பான நுனி மட்டும் போய், மென்மையான அடிப்பகுதி தங்கிவிடும். கொஞ்ச நாளில் முடி பஞ்சு மாதிரி ஆகும், நிறமும் வெளுக்கும். கறுப்பு-வெள்ளை கலந்த ஷ்னாசர் வெறும் சாம்பல் நிறமாகத் தெரிவது இதனால்தான். வீட்டு நாய்க்கு மெஷின் போட்டால் ஆபத்து எதுவும் இல்லை, தோற்றம் மாறும் அவ்வளவுதான். பெரும்பாலான கடைகளில் மெஷின்தான் ஓட்டுவார்கள் என்பதால் தெரிந்துகொண்டு போவது நல்லது. வெஸ்ட்மின்ஸ்டரில் 2025-ல் ஜெயித்தது ஒரு ஜெயன்ட் ஷ்னாசர்.

டெரியர் கூட்டத்திலேயே தனியாகத் தெரிவது பெட்லிங்டன். இங்கிலாந்தின் வடக்கே நார்த்தம்பர்லாந்து சுரங்கத் தொழிலாளிகள் வளர்த்த நாய். முயல் துரத்தும், எலி பிடிக்கும். ஆனா பார்த்தால் ஆட்டுக்குட்டி! நெற்றியில் இருந்து மூக்கு வரை முடியை மேடு மாதிரி விட்டு, காதை மழித்து, காது நுனியில் மட்டும் குஞ்சம் விட்டிருப்பார்கள். வளைந்த முதுகும் சேர்ந்ததும் ஏமாறாதவர்கள் குறைவு.

டெடி பேர் கட் எங்கே இருந்து வந்துச்சு?

பிஷான் ஃப்ரீஸேவின் வட்டத் தலையைப் பார்த்திருப்பீங்க. கழுத்து, காது எதுவுமே தனியாகத் தெரியாமல் ஒரு பவுடர் பஃப் மாதிரி இருக்கும். அது பிறவியில் வருவது கிடையாது. முடியை மேல்நோக்கி சீவி, டிரையரில் நிமிர்த்தி, வளைந்த கத்தரியால் பந்தாக வெட்டியது. அமெரிக்காவில் பிரபலமான இந்த வெட்டோடு ஒரு பிஷான் 2018-ல் வெஸ்ட்மின்ஸ்டர் பட்டமும் வாங்கியது.

இந்த வட்டத்தை இன்னும் கார்ட்டூன் ஆக்கியது ஜப்பான். அங்கே பூடில், குறிப்பா குட்டி சைஸ் டாய் பூடில், பல வருஷமாகவே செல்லப் பிள்ளை. பாரம்பரிய மொட்டையெல்லாம் விட்டுவிட்டு, பொம்மைக் கரடி போல உருண்டை முகம், மூக்கைச் சுற்றி டோனட் மாதிரி ஒரு வளையம், கால்களில் பெல்பாட்டம். கொரியா, தைவான் எனப் பரவிய இந்த பாணிக்கு மேற்கு நாடுகளில் 'ஏசியன் ஃபியூஷன்' என்று பேர் வைத்தார்கள். இன்ஸ்டாகிராமில் நீங்க பார்க்கும் 'டெடி பேர் கட்' பெரும்பாலும் இதன் உறவுதான்.

நம்ம ஊரில் இது அதிகமாகப் போடப்படுவது ஷிட்ஸுவுக்கு. ஷிட்ஸு என்ற பேருக்கும் சீன மொழியில் சிங்கம் என்றுதான் அர்த்தம். குட்டியாக இருக்கும்போது மூக்கு மேல் முடி எல்லாத் திசையிலும் விரிவதால் 'செவ்வந்தி முக நாய்' என்ற செல்லப்பேரும் உண்டு. இந்த நாய்க்குக் கண் கொஞ்சம் வெளியே துருத்தியிருக்கும். முகத்து முடி கண்ணில் உரசிக்கொண்டே இருந்தால் கருவிழியில் புண் வரலாம். அதனால உச்சிக்குடுமி போடுவது அழகுக்கு மட்டும் இல்லை. குடுமி வேண்டாம்னா கண்ணைச் சுற்றிக் குட்டையாக வெட்டியே ஆகணும். குடுமியை ரொம்ப இறுக்கிக் கட்டாதீங்க. கண் இமை மேலே இழுபடுதுன்னா இறுக்கம் அதிகம்.

யார்க்‌ஷயர் டெரியருக்கும் குடுமி உண்டு. ஷோவுக்குப் போகும் யார்க்கியின் முடி தரையைத் தொடும். அது உடையாமல் இருக்க, கொத்துக் கொத்தாகப் பிரித்து மெல்லிய காகிதத்தில் மடித்துக் கட்டி வைப்பார்கள். அந்த நேரத்தில் நாயைப் பார்த்தால் கர்லர் மாட்டிய பாட்டி மாதிரி இருக்கும்.

வெட்டாமலே ஸ்டைல் ஆனதும் உண்டு. ஹங்கேரியின் பூலி, கொமொண்டோர் நாய்களுக்கு மேல் முடியும் கீழ் முடியும் பின்னிக்கொண்டு தாமாகவே சடை விழும். மார்க் ஸக்கர்பெர்க்கின் நாய் 'பீஸ்ட்' பூலி இனம்தான். பார்க்க மாப் மாதிரி இருந்தாலும் சடைகளைக் கையால் பிரித்துவிட்டுக்கொண்டே இருக்கணும். குளித்தால் காயவே ரொம்ப நேரம் ஆகும். நம்ம ஊர் ஈரப்பதத்தில் இது தேவையில்லாத தலைவலி.

'சம்மர் கட்' கேட்கும் முன்னாடி...

இனிமேல்தான் முக்கியமான விஷயம். நமக்கு வேர்த்துக் கொட்டுவது மாதிரி நாய்க்கு உடம்பு முழுக்க வேர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். அதனால முடியை எடுத்ததும் நாய் 'கூல்' ஆயிடும் என்பது நம்ம அனுபவத்தை வைத்துப் போடும் கணக்கு. இரட்டை அடுக்கு முடி குளிரைத் தடுப்பது போலவே நேரடி வெயிலையும் தடுக்கும். ஒட்ட மழித்த பொமரேனியனை மொட்டை மாடியில் விட்டால் தோல் நேராக வெயிலில் வேகும்.

அதைவிடப் பெரிய சிக்கல், மேலே சொன்ன அந்த ஓய்வு. முடி ஓய்வில் இருக்கும்போது ஒட்ட மழித்தால், அது மறுபடி வளரத் தொடங்கவே மாதக்கணக்கில் ஆகலாம். இதை டாக்டர்கள் 'போஸ்ட் கிளிப்பிங் அலோபேசியா' என்கிறார்கள். ஹஸ்கி, சௌ சௌ, பொமரேனியன் போன்ற அடர்முடி இனங்களில் இது அதிகம் தெரியும். திட்டுத் திட்டாக முளைப்பது, நிறம் மாறி முளைப்பது, மேல் முடி வராமல் பஞ்சு முடி மட்டும் வருவது எல்லாம் நடக்கும். பல மாதம் ஆகியும் வரவில்லை என்றால் பழியை மெஷின் மேல் மட்டும் போடாதீங்க. தைராய்டு போன்ற ஹார்மோன் குறைபாடு உள்ளே இருந்து, மழித்த பிறகு வெளியே தெரிய வந்திருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கணும்.

இந்த ஆசையைக் கிளப்பிவிட்டதில் பங்கு உள்ள நாய் ஒன்று உண்டு. ஃபேஸ்புக்கில் 'உலகின் மிக க்யூட்டான நாய்' என்று லட்சக்கணக்கான பேர் கொண்டாடிய பொமரேனியன் 'பூ'. முடி மோசமாகச் சிக்குப் பிடித்ததால் ஒருமுறை குட்டையாக வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பொம்மைத் தோற்றமே அதன் அடையாளம் ஆயிடுச்சு. 2019 ஜனவரியில் 12 வயதில் 'பூ' இறந்துபோனது. ஆனா 'பூ கட்' கேட்டு வருவது நிற்கவில்லை. நூறு பொமரேனியனில் எதுக்கு முடி திரும்ப வரும், எதுக்கு வராதுன்னு வெட்டும் முன் யாராலும் சொல்ல முடியாது. ஒரு போட்டோவுக்காக அந்த ரிஸ்க் தேவையில்லை என்பதுதான் நம்ம கருத்து.

சரி, வெயிலுக்கு என்னதான் செய்யலாம்? குளிப்பாட்டி, நன்றாக உலர்த்தி, உதிர்ந்து உள்ளே சிக்கியிருக்கும் மென்முடியை சீவி எடுக்கச் சொல்லுங்க. கடைகளில் 'டீ-ஷெட்டிங்' என்பார்கள். பை நிறைய முடி வரும், தோலுக்குக் காற்று போகும், மேல் முடி அப்படியே இருக்கும். பாதம், ஆசனவாயைச் சுற்றி, வயிற்றுப் பக்கம் மட்டும் குறைத்தால் தப்பில்லை. அறுவை சிகிச்சை, தோல் நோய், பிரிக்கவே முடியாத சிக்கு என்றால் எந்த நாய்க்கும் மழித்துத்தான் ஆகணும். அது வேற கணக்கு.

டை அடிக்கலாமா?

அமெரிக்காவில் நாய்க்கு வண்ணம் பூசி, வெட்டி, உருவங்கள் செதுக்கும் 'கிரியேட்டிவ் குரூமிங்' போட்டிகளே நடக்கின்றன. 2019-ல் வந்த 'வெல் குரூம்டு' ஆவணப்படம் முழுக்க இதைப் பற்றித்தான். சீனாவில் இன்னும் ஒரு படி மேலே போய், 2024 மே மாதம் ஜியாங்சு மாகாணத்தின் தைஜோ மிருகக்காட்சி சாலையில் சௌ சௌ நாய்களுக்குக் கறுப்பு-வெள்ளை அடித்து 'பாண்டா நாய்' என்று காட்டினார்கள். கடும் விமர்சனம் வந்தபோது, மனிதர்களும் முடிக்கு டை அடிக்கிறார்களே என்பதுதான் பதிலாக இருந்தது.

அந்தப் பதிலில் ஒரு ஓட்டை இருக்கு. நாம தலையை நக்க மாட்டோம். நம்ம ஹேர் டையில் இருக்கும் அமோனியா, பெராக்சைடு போன்றவை நாயின் மெல்லிய தோலைப் புண்ணாக்கும், நக்கினால் வாயும் வயிறும் சேர்ந்து கெடும். அதனால வீட்டில் மிச்சம் இருக்கும் ஹேர் டை, ஹோலிப் பொடி எதையும் நாய் மேல் முயற்சி பண்ணாதீங்க. நாய்களுக்கென்றே வரும் நிறங்கள்கூட வால், காது நுனி அளவோடு நின்றால் நல்லது. சாயம் ஒட்ட வேண்டும் என்று காதில் பாலித்தீன் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, அதைக் கழற்ற மறந்தால் ரத்த ஓட்டம் நின்று காது நுனியே போய்விடும்.

சட்டம் என்ன சொல்லுது? டை அடிக்கக் கூடாதுன்னு இந்தியாவின் 1960-ம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் தனி வரி கிடையாது. ஆனா தேவையற்ற வலியும் வேதனையும் ஏற்படுத்துவதையும், தீங்கான பொருளை வேண்டுமென்றே செலுத்துவதையும் பிரிவு 11 குற்றம் என்கிறது. முதல் முறை என்றால் அபராதம் 10 முதல் 50 ரூபாய். நீங்க சரியாத்தான் படிச்சீங்க, ஐம்பது ரூபாய்தான்.

கடையில் எப்படிச் சொல்லணும்?

போட்டோ காட்டுங்க, தப்பில்லை. கூடவே எத்தனை மில்லிமீட்டர் விடப் போறாங்கன்னு கேளுங்க. காரணம் இருக்கு. நம்ம சலூன் மெஷினில் நம்பர் ஏற ஏற முடி நீளம் கூடும். நாய்களுக்கான பிளேடில் நேர் எதிர், நம்பர் கூடினால் முடி குறையும். 4-ம் நம்பர் பிளேடு கிட்டத்தட்ட 9.5 மில்லிமீட்டர் விடும். 10-ம் நம்பர் சுமார் 1.5 மில்லிமீட்டர்தான். 40-ம் நம்பர் ஆபரேஷனுக்கு முன் மழிக்கும் அளவு. "பத்து போடுங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வந்தால், திரும்பப் போகும்போது உங்க நாயை நீங்களே தேட வேண்டியிருக்கும்.

நாய் அடங்கலைன்னு மயக்க மருந்து கொடுக்கலாமான்னு யாராவது கேட்டால், கால்நடை மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் சம்மதிக்காதீங்க. ஷிட்ஸு, பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்குச் சாதாரணமாகவே மூச்சு சிரமம். சூடான டிரையர் கூண்டுக்குள் இவற்றை அடைத்து வைப்பதும் ஆபத்து.

வீட்டுக்கு வந்ததும் அக்குள், தொடை இடுக்கு, வாலுக்கு அடியில் ஒரு முறை பாருங்க. மெஷின் பிளேடு சூடாகி உரசினால் அங்கேதான் முதலில் சிவக்கும். காதில் பாய் போல இருந்த சிக்கை எடுத்த நாய் என்றால், அடுத்த ரெண்டு நாள் தலையை உதறுதான்னு கவனிங்க. கனமான சிக்கு போனதும் காது லேசாகி, சில நாய்கள் விடாமல் உதறும். அப்படி உதறியே காது மடலுக்குள் ரத்தம் கட்டி, பஜ்ஜி மாதிரி உப்பிவிடும். அப்படித் தெரிந்தால் அழுத்தவோ, ஊசியால் குத்தவோ வேண்டாம். அன்னிக்கே டாக்டரிடம் காட்டிடுங்க.